ஆள் போனாலும் கச்சேரி நிற்காது: டீப் பர்ப்பிள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் சாவகச்சேரி வாசகர் ஒருவர், "உங்களுக்குப் பிடித்த வெளிநாட்டு இசைக்குழு எது?" என்று கேட்டிருந்தார். இங்கிலாந்து ரொக் குழுவான "டீப் பர்ப்பிள்" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்மாதம் முழுவதும் அந்தக் கதைதான். வெங்காயத்துக்கு வந்த நோயைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு காலத்தில் திருவிழா இசைக்குழுக்களில் ட்ரம்ஸ் அடித்தவன். என் தீர்ப்புகள் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

கேள்வி: மாஸ்டர், இந்தக் குழுவைப் பற்றித் தேடினால் 'மார்க் 1', 'மார்க் 2' என்று ஒன்பது வரை போகிறது. இது என்ன கணக்கு? இதில் எது அசல்?
— கொக்குவில் வாசகர்

தம்பி, ஆள் மாறிய ஒவ்வொரு தடவையும் ரசிகர்கள் ஒரு இலக்கம் போட்டார்கள். அதுதான் கணக்கு. 1968இல் இங்கிலாந்தின் ஹேர்ட்ஃபட் பக்கம் தொடங்கிய முதல் அணியில் ஓர்கன் ஜோன் லோர்ட், கிற்றார் ரிச்சி பிளக்மோர், ட்ரம்ஸ் இயன் பேஸ், பாட்டு ரொட் எவன்ஸ், பாஸ் நிக் சிம்பர். வேடிக்கை என்னவென்றால், இந்தக் குழுவை உண்டாக்க யோசனை சொன்னவர் இந்த ஐந்து பேரிலும் இல்லை. 'சேர்ச்சர்ஸ்' குழுவில் முன்பு ட்ரம்ஸ் அடித்த கிறிஸ் கேர்ட்டிஸ் என்பவர்தான், ஆட்கள் ஏறி இறங்கும் ஒரு குழு வேண்டும் என்று திட்டம் போட்டு, அதற்கு 'ரவுண்டபவுட்' என்று பெயரும் வைத்தார். பிறகு அவரே இறங்கிப் போய்விட்டார். அவர் சொன்னபடிதான் கடைசிவரை நடந்தது என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

முதல் வருடத்திலேயே அவர்கள் பாடிய ஒரு பாட்டு அமெரிக்காவில் நான்காம் இடம் வரை ஏறியது. ஆனாலும் 1969இல் லோர்டும் பிளக்மோரும் பேஸும் இன்னும் கனமான சத்தம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 'எபிசோட் சிக்ஸ்' என்ற குழுவிலிருந்து இயன் கிலன் என்ற பாடகரைக் கொண்டுவந்தார்கள். அவருடன் கூடவே வந்த பாஸ்காரர் ரொஜர் குளோவரையும் எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஹான்வெல் என்ற இடத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் இந்தப் புதிய ஐவரும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், எவன்ஸும் சிம்பரும் ஒன்றும் தெரியாமல் பழைய அணியோடு மேடை ஏறிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குழுவின் சரித்திரத்தில் எனக்கு மனம் ஒப்பாத இடம் இது. இசை நல்லதாக வந்தது உண்மை. ஆனால் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதென்றால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டாவது அணியைத்தான் உலகம் 'அசல்' என்கிறது. 1969 செப்டெம்பரில் லண்டன் ரோயல் அல்பேட் ஹோலில் ஒரு முழு சிம்பொனி வாத்தியக் குழுவோடு சேர்ந்து லோர்ட் எழுதிய உருப்படியை வாசித்தார்கள். 1970 இல் 'இன் ரொக்', 1972 இல் 'மெஷின் ஹெட்', அதே வருடம் ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று நாள் மேடையில் பதிவான 'மேட் இன் ஜப்பான்'. ஜப்பானில் மட்டும் விற்க நினைத்த அந்தப் பதிவு கசெற்றில் பாட்டுப் பதிந்து தருகிற எங்கள் ஊர் றெக்கோடிங் பார் வரை வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் அந்தக் கசெற்றைப் போட்டுக் கேட்டிருக்கிறேன். பெடல் மிதிக்கிற பெடியன் களைத்தால் இயன் பேஸும் களைப்பார்.

சரி, எது அசல்? இலக்கம் ஒன்றா, இரண்டா என்று என்னைக் கேட்டால், ஒன்பதிலும் இருக்கிற ஒரே ஆள் இயன் பேஸ்தான் என்பேன். இடதுகைக்காரர். 1968இலிருந்து ஒரு நிகழ்ச்சியும் தவறவிடாத மனிதர், 2016இல் லேசான பக்கவாதம் வந்தபோதுதான் சில நிகழ்ச்சிகளை விட்டார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

கேள்வி: என் மகன் சுவிற்சர்லாந்தில் இருக்கிறான். மொந்ரே நகரத்து ஏரிக்கரையில் நின்று படம் எடுத்து அனுப்பி, "அம்மா, இங்கேதான் அந்த நெருப்புப் பாட்டு பிறந்தது" என்று எழுதியிருந்தான். என்ன நெருப்பு அது? உண்மையா?
— சுண்டுக்குளி வாசகி

அக்கா, முழுக்க உண்மை. 1971 டிசம்பர் 4. மொந்ரேயின் கசினோ மண்டபத்தில் அமெரிக்க ரொக் இசைக்காரர் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் வெளிச்சக் குண்டு சுடுகிற துப்பாக்கியை மேல்நோக்கி வெடித்தார். கூரை பற்றிக்கொண்டது. முழுக் கட்டடமும் எரிந்து போனது. யாரும் சாகவில்லை. அங்கே ஜாஸ் விழா நடத்திவந்த குளோட் நொப்ஸ் என்பவர் உள்ளே ஓடிப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தார். பாட்டிலும் அவர் பெயர் வருகிறது.

டீப் பர்ப்பிள் அந்தக் கசினோவில்தான் தங்கள் அடுத்த இசைத்தட்டான 'மெஷின் ஹெட்'டைப் பதிவு செய்வதாக இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவு லொறியையும் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். மண்டபம் போய்விட்டது, லொறி மட்டும் நிற்கிறது. ஏரியின் மேல் புகை படர்ந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்துக் காலையில் நித்திரையால் எழும்பும்போது குளோவரின் வாயில் ஒரு வரி வந்தது. அதுதான் 'ஸ்மோக் ஒன் த வோட்டர்' என்ற தலைப்பு.

பிறகு வேறொரு அரங்கில் பதிவைத் தொடங்கினால், அயலவர்கள் சத்தம் தாங்காமல் முறைப்பாடு செய்து பொலிஸ் வந்தது. கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடையில் மெத்தைகளை அடுக்கிச் சத்தத்தை அடக்கி வாசித்து முடித்தார்கள். கிற்றார் பழகத் தொடங்கும் பிள்ளை எவரும் முதலில் தட்டிப் பார்க்கிற நாலு ஸ்வரம் அந்தப் பாட்டின் தொடக்கம்தான். அதை ஒரு பெரிய பாட்டு என்று அவர்கள் முதலில் நினைக்கவே இல்லை. இசைத்தட்டு வந்து ஒரு வருடம் கழித்து, 1973இல்தான் தனித் தட்டாக அமெரிக்காவில் வெளிவந்து நான்காம் இடம் பிடித்தது. அந்த நேரம் அதைப் பாடிய கிலன் குழுவை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

மகனிடம் சொல்லுங்கள், அதே ஏரிக்கரையில் 'குயீன்' குழுப் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் சிலையும் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நின்றும் ஒரு படம் எடுத்து அனுப்பட்டும்.

கேள்வி: உச்சத்தில் இருக்கும்போது ஏன் ஒரு பாடகர் விட்டுப்போக வேண்டும்? காசுப் பிரச்சினையா?
— நெல்லியடி வாசகர்

காசை விட அலைச்சல்தான் ஐயா. 1972இல் அவர்கள் அமெரிக்காவுக்குப் போய்வந்த தடவைகளைப் பார்த்தால் தலை சுற்றும். இடையில் கிலனுக்கும் பிளக்மோருக்கும் மஞ்சள் காமாலை. பிளக்மோர் படுத்துவிட்டார் என்று கனடாவின் கியூபெக்கில் ஒரு நாள் கச்சேரிக்கு ரண்டி கலிஃபோர்னியா என்ற வேறு குழுக்காரரைக் கிற்றாருக்கு நிறுத்தினார்கள். ஆளுக்கு ஆறு மாதம் ஓய்வு கொடுத்திருந்தால் இந்த மார்க் கணக்கு இரண்டோடு நின்றிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். கொடுக்கவில்லை. பேருந்திலும் விமானத்திலும் ஒரே முகங்களைப் பார்த்துப் பார்த்து, கிலனும் பிளக்மோரும் பேசாமலே போனார்கள்.

கிலன் அந்த டிசம்பரில் அமெரிக்காவில் இருந்தபடி விலகல் கடிதம் எழுதினார். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு 1973 ஜூன் 29 ஒசாகாவில் கடைசியாகப் பாடிவிட்டு இறங்கினார். கடிதம் கொடுத்த பிறகும் ஆறு மாதம் ஒழுங்காக வந்து பாடிய மனிதரை எனக்கு அதற்காகவே பிடிக்கும். குளோவர் அதே நாளில் போனார். ஆனால் அவர் போனது விருப்பத்தால் அல்ல. பாஸ்காரரை மாற்றினால்தான் தான் இருப்பேன் என்று பிளக்மோர் பிடிவாதம் பிடித்திருந்தார்.

இங்கேதான் கதையின் நல்ல பகுதி வருகிறது. விட்டுப்போனவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். ஓடுகிற ஓட்டத்தில் வந்து ஏறினவர்களைப் பார்த்துத்தான் நான் ஒரு குழுவின் தரத்தைச் சொல்லுவேன். வட இங்கிலாந்தில் ரெட்கார் என்ற சிறு ஊரில் உடுப்புக் கடையில் வேலை செய்த ஒரு பையன், பாடிப் பதிந்த ஒரு நாடாவையும் சின்ன வயதுச் சாரணர் படம் ஒன்றையும் அனுப்பினான். 21 வயது. பெரிய மேடை ஒன்றும் கண்டதில்லை. டேவிட் கவர்டேல் என்ற அந்தப் பையனையே எடுத்தார்கள். பாஸுக்கு வந்த கிளென் ஹியூஸும் பாடக்கூடியவர், ஆகவே இரண்டு குரல். சில மாதம்தான். 1974 ஏப்ரல் 6ஆம் திகதி கலிஃபோர்னியா ஜாம் என்ற விழாவில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனத்துக்கு முன் உடுப்புக் கடைப் பையன் நின்று பாடினான்.

அன்று பிளக்மோர் ஆடிய ஆட்டம் வேறு. இருட்டுப்பட முன் மேடை ஏறச் சொன்னார்கள் என்று கோபம். தொலைக்காட்சிக் கமராவைக் கிற்றாரால் குத்தி உடைத்தார். பெற்றோல் ஊற்றி வைத்த ஸ்பீக்கர் பெட்டி வெடித்துத் தீப்பிடித்தது. குழுவை ஹெலிகொப்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு இசைக்குழு ஸ்பீக்கருக்கு நெருப்பு வைத்தால் ஒலிபெருக்கிக்காரர் அந்த இடத்திலேயே ஆளை விட்டிருக்க மாட்டார்.

அடுத்த வருடம் பிளக்மோரும் போய் 'ரெயின்போ' என்று தனிக் குழு அமைத்தார். அவர் இடத்துக்கு வந்தவர் அமெரிக்கரான டொமி போலின். அவர் அருமையான வாசிப்புக்காரர், ஆனால் போதைப்பொருள் பழக்கம் அவரை விடவில்லை. 1975 டிசம்பரில் டோக்கியோ மேடையில் இடது கை சரியாக வேலை செய்யாமலே வாசித்தார். சனம் பழைய ஆளின் பெயரைச் சொல்லிக் கத்துகிறபோது புதிய ஆளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 1976 மார்ச்சில் லிவர்பூலில் கடைசிக் கச்சேரி. அந்த டிசம்பரில் போலின் மயாமியில் இறந்துபோனார், வயது 25.

கேள்வி: 1980இல் போலி டீப் பர்ப்பிள் ஒன்று ஊர் ஊராகப் போனதாமே?
— மானிப்பாய் வாசகர்

போனது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் பாடகர் ரொட் எவன்ஸை ஒரு நிறுவனம் பிடித்து, கூட நாலு புதியவர்களைச் சேர்த்து, பழைய பெயரிலேயே மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் மேடை ஏற்றியது. பிளக்மோரும் கிலனும் வருவார்கள் என்று நம்பி ரிக்கெற் வாங்கிய சனம் சும்மா விடவில்லை. உண்மையான குழுவின் நிர்வாகம் வழக்குப் போட்டு வென்றது. தண்டம் 6,72,000 டொலர். முதல் மூன்று இசைத்தட்டுகளுக்கு எவன்ஸுக்கு வந்துகொண்டிருந்த உரிமைப் பணமும் நின்றுபோனது. அதன்பின் மனிதர் இசைப்பக்கமே தலைகாட்டவில்லை. 2016இல் ரொக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் குழுவோடு அவர் பெயரையும் சேர்த்தார்கள், அதற்கும் அவர் வரவில்லை.

நமக்கு இது புதிதல்ல. திருவிழா நோட்டீசில் ஒரு வித்துவானின் பெயர் போட்டு, மேளம் தொடங்கும்போது வேறொருவர் உட்கார்ந்திருந்தது எத்தனை வீதியில் நடந்திருக்கிறது! ஆனால் எவன்ஸ் விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பெயரைத் தொடக்கி வைத்த ஐவரில் அவர் ஒருவர். பின்னால் வந்தவர்களுக்குப் பெயர் சொந்தமாகி, முன்னால் வந்தவர் போலியாகிப்போனார். சட்டம் சரிதான். ஏமாந்தது சனம், அதுவும் சரிதான். இருந்தாலும் அந்த ஹான்வெல் ஒத்திகையை நினைத்தால், முழுக் குற்றத்தையும் அவர் தலையில் போட என்னால் முடியவில்லை.

கேள்வி: பிளக்மோர் இல்லாத டீப் பர்ப்பிளை நான் கேட்பதில்லை. நீங்கள்?
— உரும்பிராய் வாசகர்

நான் கேட்பேன். கேளுங்கள், கதை முடியவில்லை.

1984இல் இரண்டாவது அணி திரும்பக் கூடியது. 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' இசைத்தட்டு நல்ல விற்பனை. ஐந்து வருடத்தில் பழைய சண்டை திரும்ப வந்து, கிலனை வெளியே அனுப்பி, ரெயின்போவில் பாடிய ஜோ லின் டேர்னரை எடுத்தார்கள். அந்த ஒரு இசைத்தட்டை நீங்கள் கேட்காவிட்டால் நட்டமில்லை. பிறகு கிலன் திரும்பி வந்தார். 1993இல் இருபத்தைந்தாம் ஆண்டு இசைப் பயணத்தில் பிளக்மோருக்கு மறுபடியும் பொறுக்கவில்லை. பர்மிங்ஹாமில் மேடைக்குப் பிந்தி வந்து கமராக்காரர் மேல் தண்ணீரை எறிந்தார். நவம்பர் 17 ஹெல்சிங்கியில் வாசித்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அடுத்த மாதம் ஜப்பானில் கச்சேரிகள், ரிக்கெற் விற்றாகிவிட்டது.

ஏறினவர் ஜோ சற்றியானி. தன் பெயரிலேயே மண்டபம் நிரப்பக்கூடிய கிற்றார்காரர், வேறொருவர் வாசித்த பாட்டுகளைக் கசெற்றில் கேட்டுப் படித்துக்கொண்டு வந்து ஜப்பானையும் அடுத்த கோடையில் ஐரோப்பாவையும் காப்பாற்றிக் கொடுத்தார். நிரந்தரமாக இருக்கச் சொல்லிக் கேட்டும், தன் ஒப்பந்தம் வேறு என்று விலகிவிட்டார். 1994இல் வந்தவர் ஸ்டீவ் மோர்ஸ். இடையில் கொஞ்சக் காலம் விமானம் ஓட்டிப் பிழைத்தவர் அவர். 2022 வரை, மனைவியின் நோய் காரணமாக விலகும்வரை இருந்தார். பிளக்மோர் இரண்டு தடவையும் சேர்த்து இருந்த காலத்தை விட இது எவ்வளவோ அதிகம். இருபத்தெட்டு வருடம் ஒரு மனிதரைப் 'புது ஆள்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், பாருங்கள்!

ஜோன் லோர்ட் விலகினது மட்டும் யாரும் மனம் நோகாத விதமாக நடந்தது. 2001இல் அவருக்கு முழங்கால் காயம் வந்தபோது டொன் ஏரி வந்து சமாளித்துக் கொடுத்தார். மறுவருடம் லோர்ட் முறையாக ஓய்வு பெற்றபோது அந்த இடம் ஏரிக்கே போனது. லோர்ட் 2012 ஜூலையில் காலமானார். இப்போது கிற்றாரில் இருப்பவர் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த சைமன் மக்பிரைட். 2024இல் வந்த இசைத்தட்டில் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். பேஸ், குளோவர், கிலன் மூவரும் அதில் இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் இப்படி நிலைத்த குழுக்கள் ஏன் இல்லை?
— வட்டுக்கோட்டை வாசகர்

இருந்தன. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப் பாடல்கள் அறுபது எழுபதுகளில் இலங்கை முழுவதும் ஓடின. அந்தச் சூட்டில் இங்கே ஊருக்கு ஊர் எலக்ட்ரிக் கிற்றாரும் பொங்கோவும் கொண்டு குழுக்கள் கிளம்பின. விடியும்வரை கோயில் வீதியில் வாசித்தோம். பிறகு ஓர்கன்காரர் கனடா, பாஸ்காரர் லண்டன், பாடகர் பாரிஸ். 1995இல் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது கருவிகளும் போயின. டீப் பர்ப்பிளில் ஆள் போனால் அடுத்த ஆள் வந்தார். எங்களிடம் வருவதற்கு ஆள் மிஞ்சவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: அண்ணை, நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பான்ட் வைத்திருக்கிறோம். கீபோட் வாசிக்கிற நண்பனுக்குக் கனடா விசா கிடைத்துவிட்டது. மூன்று மாதத்தில் போகிறான். அவன்தான் பாதிப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவன். குழுவைக் கலைப்பதா, பெயரை மாற்றுவதா, வேறு ஆள் எடுப்பதா?
— திருநெல்வேலி இளைஞர்கள்

கலைக்க வேண்டாம். வேறு ஆள் எடுங்கள், இப்போதே எடுங்கள், நண்பனுக்குத் தெரிய எடுங்கள். மூன்று மாதம் இருக்கிறதே, இருவரும் ஒரே அறையில் இருந்து வாசிக்கட்டும். எந்த இடத்தில் எந்தக் கட்டை, எந்தச் சத்தம் என்பதை நண்பனைக் கொண்டே எழுதி வாங்குங்கள், தனியாகப் பதிந்தும் வையுங்கள். அவன் போன பிறகு ரொறன்ரோவில் இரவு இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்க முடியாது.

பெயர் யாருக்குச் சொந்தம், அவன் போட்ட மெட்டுகளை அங்கே அவன் வாசிக்கலாமா, இங்கே நீங்கள் வாசிக்கலாமா என்பதை ஒரு தாளில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் என்ன தாள் என்று கேட்காதீர்கள். எவன்ஸும் நண்பர்களோடுதான் தொடங்கினார்.

புதிய பையனைப் போகிற நண்பனைப் போலவே வாசிக்கச் சொல்லி வதைக்க வேண்டாம். பழைய பாட்டில் இரண்டை நிறுத்திவிட்டு, அவன் கைக்கு வருகிற இரண்டைச் சேருங்கள். நோட்டீசில் அவன் படத்தையே போடுங்கள். முதல் மேடைக்கே முழுப் பங்கும் கொடுங்கள். புதிதாக வந்தவருக்கு அரைப் பங்கு என்பது இங்கே நெடுநாள் வழக்கம், நானும் வாங்கியிருக்கிறேன். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.